கை ஊன்றாத முழங்கால்கள்

ஜெசிந்தா தடுக்கி விழுந்தாள் என்று சொல்ல அவள் வாழ்க்கையில் ஒரு சம்பவம்கூடக் கிடையாது. அவளுடைய நகல்தான் வருடம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்லத்தான் அவளும் அவள் கணவன் வில்பிரட்டும் மாசி மாதத்தில் ஒரு முற்பகல் செண்பகவல்லியின் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மருத்துவர்கள் எழுதுகிற குறிப்பைப் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட்டு அனுப்புவதுதான் அங்கே வேலை. தொழிலில் இருப்பவர்கள் அதைக் ‘கோடு போடுவது’ என்பார்கள். செண்பகவல்லி அங்கே தலைமைத் தணிக்கையாளர். கோவில்பட்டியில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கோடு போடுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவளுடைய எண்ணம். உண்மையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

நகல் என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்குத்தான் விளக்க வேண்டும். நாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அரசு மருத்துவ ஆணையத்தின் கணினிக்குள் இன்னொரு உடல் இருந்தது. மருத்துவமனையிலிருந்து குறியீடு போகப் போக அந்த உடலும் வளரும், இளைக்கும், காயப்படும், ஆறும். உங்களுக்குச் சர்க்கரை என்று கோடு போனால் அதற்கும் சர்க்கரை வந்துவிடும். வண்டி ஓட்ட உரிமமா, காப்பீடா, வேலையா, எதற்கும் நகலைத்தான் பார்ப்பார்கள். நேரில் நிற்கிற மனிதனைப் பார்த்து முடிவெடுக்கிற தொல்லை எந்த அதிகாரிக்கும் இல்லை. அதனாலேயே அதிகாரிகளுக்கு அந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

“முப்பந்தல்ல கரண்டு எடுக்குத பெரிய காத்தாடி இருக்குல்லா எக்கா, அதுல ஏறி ரிப்பேர் பாக்குததுதான் என் வேலை,” என்றாள் ஜெசிந்தா. வெயிலில் கறுத்த முகம், அகலமான தோள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். “கல்யாணத்துக்கு முந்தியே ஏறுதேன். ஒரு தடவகூட கால் வழுக்கினது கிடையாது. இப்பம் திடீர்னு ஏறுத உரிமத்தப் புடுங்கிட்டு, கீழ குடோன்ல நட்டு போல்ட்டு பிரிக்கச் சொல்லுதாவ.”

“என்ன காரணம் சொன்னாங்க?”

வில்பிரட் முந்திக்கொண்டான். அவன் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவனைப் போல விரலை ஆட்டிச் சொல்லுவான். “பருவகாலச் சமநிலைக் குறைவாம் மேடம். ஒவ்வொரு செப்டம்பரும் இவ நகலுக்குத் தலை சுத்துதாம். சுத்திக் கீழ விழுதாம். நான் விடல. இவள நேர்ல ஆணையத்துக்கே கூட்டிட்டுப் போனேன். கோட்டு மேல நடக்க வச்சேன், ஒத்தக் கால்ல நிக்க வச்சேன். எல்லாத்தையும் பாத்துட்டு, இப்ப நல்லாத்தான் இருக்காங்க, செப்டம்பர்ல திரும்ப வரும்னு மிஷின் சொல்லிட்டு.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

“வைகாசில காத்து சீசன் ஆரம்பிச்சிரும் எக்கா. அதுக்குள்ள உரிமம் வரலன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு சொல்லிட்டாவ. குடோன் வேலையெல்லாம் சும்மா பேருக்கு. வெளிய அனுப்புததுக்கு முந்தி உக்கார வைக்குத இடம் அது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “மேல நின்னா மலையெல்லாம் எனக்கு இடுப்பளவுதான் எக்கா இருக்கும். கீழ உக்காந்து நட்டு எண்ணுததுக்கு என்னால முடியாது.”

செண்பகவல்லி திரையில் அவளுடைய பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் ஒரே காயம். வலது முழங்கால் தோல் சிராய்ப்பு, முதல் வருகை. இடது முழங்கால் தோல் சிராய்ப்பு, முதல் வருகை. வலதுக்கு ஒரு கோடு, இடதுக்கு ஒரு கோடு. ஒரு முட்டி தேய்ந்தால் எங்கள் ஆபீஸில் பத்துப் பேருக்குச் சோறு என்று அவளே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்கெல்லாம் கீழே, காரணம் என்ற கட்டத்தில், எல்லா வருடத்துக்கும் ஒரே பதில் இருந்தது: ஒரே தளத்தில் தடுக்கி விழுதல்.

“ரெண்டு முட்டியும் வருசா வருசம் எப்படித் தேயுது?”

“வேளாங்கண்ணிக்குப் போய் முட்டியில நடப்பேன் எக்கா. மணல் பாதை இருக்குல்லா, அதுல கோயில் வரைக்கும். இவிய படிச்சு முடிச்சிட்டு வேலை இல்லாம வருசக்கணக்கா வீட்டுல கிடந்தாவ. வேலை கிடைச்சிட்டா வருசா வருசம் வந்து முட்டியில நடக்கேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். அந்த வருசமே கிடைச்சிட்டு. அது நிலைக்கணும்ல்லா, அதனால விடாமப் போறேன். திரும்பி வந்ததும் எங்க ஊரு ஆஸ்பத்திரியில டாக்டர் மைதீன்கிட்ட மருந்து வச்சுக்கிடுவேன்.”

வில்பிரட் வெட்கப்பட்டவன்போலக் கீழே குனிந்துகொண்டான். அதில் பெருமையும் இருந்தது.

செண்பகவல்லி மருத்துவரின் குறிப்பைத் தேடி எடுத்தாள். ‘இரு முழங்காலிலும் தோல் சிராய்ப்பு. சுத்தம் செய்து மருந்து வைக்கப்பட்டது.’ ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு வரி. எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. மருத்துவரைக் கேட்டால் பதில் வரத் தாமதமாகும், அன்றைய வேலை தேங்கிப்போகும். அதனால் முழங்கால் என்றால் விழுந்தது என்று போட்டுவிட்டுப் போவது தொழிலில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். திருச்சியிலும் சேலத்திலும் கோவையிலும் அதே கதைதான். செண்பகவல்லியே புதிதாகச் சேருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ‘முட்டி தேஞ்சா விழுந்திருக்கான். அடுத்ததப் பாரு.’

“உங்க நகல் விழல ஜெசிந்தா. நாங்கதான் தள்ளிவிட்டுட்டோம்,” என்றாள். “சரி பண்ணிரலாம். கவலப்படாதீங்க.”

“இப்பமே மாத்திருவீங்களா மேடம்?” என்று வில்பிரட் எழுந்தேவிட்டான்.

“உக்காருங்க சார். டாக்டர் எழுதாதத நான் எழுத முடியாது. கேள்வி அனுப்பலாம். அதுலயும் முட்டி போட்டு நடந்தாங்களான்னு பதில வாயில ஊட்டிவிட்டுக் கேக்கக் கூடாது. காயம் எப்படி வந்துதுன்னு மட்டும்தான் கேக்கலாம். அவரு எழுதிக் குடுத்தா, நான் போட்டுருதேன்.”

டாக்டர் மைதீன் கேட்டதைத் தள்ளிப்போடாத மனிதர். மறுநாளே பதில் வந்துவிட்டது. ‘வேண்டுதலுக்காக முழங்காலிட்டு மணலில் நடந்ததால் ஏற்பட்டது.’ செண்பகவல்லி விரலைச் சொடுக்கிக்கொண்டு திருத்தப் பக்கத்தைத் திறந்தாள். காரணப் பட்டியலில் முழங்காலிடுதல் என்று ஒன்று இல்லை. நாய் கடித்ததற்கு இருந்தது, கிளி கொத்தியதற்கு இருந்தது, படகிலிருந்து தவறியதற்கு இருந்தது. மனிதர்கள் முட்டி போடுவார்கள் என்பது பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் நீங்களே விளக்குங்கள் என்று கணினி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது. தற்செயலா? இல்லை. வேண்டுமென்றே செய்ததா? ஆம். செய்தது யார்? நோயாளியே. கடைசியில் பொருத்தமான குறியீட்டைத் தானே எடுத்துக் கொடுத்தது: தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல்.

செண்பகவல்லியின் கை அப்படியே நின்றது. இதை அனுப்பினால் ஜெசிந்தாவின் நகல் தலைசுற்றி விழுகிற நோயாளியாக இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை தன் உடம்பைத் தானே கிழித்துக்கொள்கிற பெண்ணாகிவிடும். அப்படிப்பட்டவளை ஏணிப்படிகூட ஏற விடமாட்டார்கள். அவள் பக்கத்தை மூடிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, நேராக டாக்டர் மைதீனைப் பார்க்கக் கிளம்பினாள்.

மைதீனின் மருத்துவமனை அரல்வாய்மொழிப் பக்கம் இருந்தது. காத்திருக்கிறவர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். அவர் ஒரு இளைஞனின் முழங்காலில் ஒட்டியிருந்த தார்த்துகளைப் பஞ்சால் எடுத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

“பேசாம யோகான்னு போட்டுருங்கம்மா. அதுக்கு ஒரு கோடு வச்சிருக்கீங்கல்ல? முட்டி போட்டுச் செய்யுத ஆசனம் எத்தனையோ இருக்கு.”

“நீங்க யோகான்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?”

“நான் எப்படி எழுதுவேன்? பொய்யில்லா அது?”

“நீங்க எழுத மாட்டீங்க, நான் மட்டும் போடணும். நல்ல நியாயம்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். இளைஞன் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தான். பைக்கிலிருந்து விழுந்தவன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, மருந்து வைத்துக் கட்டு போட்டிருந்தது. செண்பகவல்லி அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

“டாக்டர், கீழ விழுதவன் மொதல்ல என்ன செய்வான்?”

“என்ன செய்வான், கைய ஊனுவான். யோசிச்சுச் செய்யுதது இல்ல அது, உடம்பு தானா செய்யுதது. முட்டி தேஞ்சா அதுக்கு முந்தி உள்ளங்கை தேஞ்சிருக்கும்.”

“ஜெசிந்தாவுக்கு ஒரு வருசமாவது உள்ளங்கையில காயம் உண்டா?”

மைதீன் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “கிடையாது. ஒரு கீறல்கூடக் கிடையாது. கை ரெண்டையும் கூப்பிக்கிட்டுல்லா முட்டியில நடக்கா.”

செண்பகவல்லிக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ரெண்டு முட்டியிலும் சிராய்ப்பு, கை சுத்தம் என்றால் அது விழுந்த காயம் இல்லை. இத்தனை வருடம் ஆயிரக்கணக்கான முழங்கால்களுக்குக் கோடு போட்ட கைக்கு இது தெரியாமல் போயிற்றே என்று ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சலைவிட உற்சாகம் பெரிதாக இருந்ததால் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

ஆணையத்துக்கு ஒரு முன்மொழிவு எழுதினாள். ‘முழங்காலிடுதல்’ என்று ஒரு புதிய காரணக் குறியீடு வேண்டும். அது விபத்தும் இல்லை, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் இல்லை. அதோடு ஒரு விதியும் வேண்டும்: இரு முழங்காலிலும் சிராய்ப்பு இருந்து உள்ளங்கையில் இல்லையென்றால், விழுந்ததாகக் கொள்ளக் கூடாது. ஆணையம் பதில் அனுப்பியது. கருத்து நன்றாக இருக்கிறது, போதுமான அளவு சான்றுகள் வேண்டும், ஒவ்வொன்றும் மருத்துவர் கைப்பட எழுதியதாக இருக்க வேண்டும் என்றது.

“வேளாங்கண்ணித் திருவிழா வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா என் வேலை போயிரும் எக்கா,” என்றாள் ஜெசிந்தா போனில்.

“திருவிழா எதுக்கு? ஊருல வேற யாருமே முட்டி போடலியா? டைல்ஸ் ஒட்டுதவன் நின்னுக்கிட்டா ஒட்டுதான்?”

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வில்பிரட் இருக்கிறானே, அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டுகிற இடமெல்லாம் சுற்றினான். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், குளியலறைக் குழாய் மாட்டுகிறவர்கள், தரைக்குப் பாலீஷ் போடுகிறவர்கள் என்று பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து மைதீனின் வாசலில் இறக்கினான். பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பினால் இருட்டும்வரை அதே வேலை. தவக்காலம் வேறு வந்துவிட்டது. சிலுவைப்பாதையில் முட்டி போட்டு முட்டி போட்டு எழுந்தவர்களிலும் சிலரைப் பங்குச்சாமியிடம் சொல்லி வரவழைத்தான். மைதீன் ஒவ்வொரு முழங்காலையும் பார்த்து, ஒவ்வொரு கையையும் திருப்பிப் பார்த்து, எல்லாவற்றையும் கைப்பட எழுதினார். இத்தனை வருடம் ரெண்டு வரி எழுதித் தப்பித்ததற்கு இப்போது வட்டியோடு எழுதுகிறேன் என்று முனகினார். செண்பகவல்லி மற்ற ஊர்களில் கோடு போடுகிற கோடர் குழுக்களுக்கெல்லாம் எழுதினாள். முட்டி என்றால் விழுந்தது என்று போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்றாள். முதலில் முணுமுணுத்தார்கள். செண்பகவல்லி சொன்னால் காரணம் இருக்கும் என்று பிறகு கேட்க ஆரம்பித்தார்கள்.

சித்திரையில் ஆணையம் ஒப்புக்கொண்டது. புதிய குறியீடு வந்தது, விதியும் வந்தது. செண்பகவல்லி ஜெசிந்தாவின் பதிவைத் திறந்து ஒவ்வொரு செப்டம்பராகத் திருத்தினாள். அவளுடைய நகல் அன்று மாலையே தலைசுற்றலை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றது. ஒரு வாரத்தில் உரிமம் திரும்பி வந்தது.

“எக்கா, கேக்குதா?” போனில் காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து ஜெசிந்தா கத்தினாள். “மேல நிக்கேன் எக்கா!”

“கேக்குது, கேக்குது. வேலையப் பாரு. கம்பியப் புடிச்சுக்கோ!” என்று பதிலுக்குக் கத்திய செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் என்னவென்று எழுந்து பார்த்தார்கள். ஒருத்தியை மேலே ஏற்றிவிட்டேன் என்று சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஆணையத்தின் கணினி ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதோடு விடாது. பழையதையெல்லாம் தோண்டி எடுத்து, கற்றுக்கொண்டதை வைத்துத் திரும்பப் படிக்கும். வைகாசி பிறந்து காற்று பிடித்த சமயத்தில் செண்பகவல்லிக்கு ஒரு செய்தி வந்தது. ‘தங்கள் விதியின்படி பழைய பதிவுகள் மறுபார்வை செய்யப்பட்டன. விதியை முன்மொழிந்தவர் என்ற முறையில் தங்கள் மாவட்டப் பதிவுகளைத் தாங்கள் உறுதிப்படுத்த வேண்டும்.’ டைல்ஸ்காரர்களும் கோயிலுக்குப் போனவர்களும் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகவே திறந்தாள்.

எல்லாம் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படிக்கிற பிள்ளைகள். டைல்ஸ்காரர்கள் அங்கொருவரும் இங்கொருவருமாகத்தான் இருந்தார்கள். பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்தாலும் அங்கே இருக்கிற செவிலியரிடம் காட்டிக் குறிப்பு எழுத வேண்டும் என்பது அப்போதைய சட்டம். செவிலியர்கள் எழுதியிருந்தார்கள். இரு முழங்காலிலும் சிராய்ப்பு, மருந்து வைக்கப்பட்டது. கோடர்கள் விழுந்ததாகப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பிள்ளைகூட விழவில்லை. மே மாதத்து விடுமுறையில், தெருவெல்லாம் ஓடித் திரிகிற காலத்தில், ஒரு பிள்ளைகூட விழவில்லை. பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், பாட வேளையில் மட்டும், கையை ஊன்றாமல் விழுந்திருந்தார்கள்.

முட்டி தேஞ்சா விழுந்திருக்கான், அடுத்ததப் பாரு என்று செண்பகவல்லி எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள்! அத்தனை பேரும் அடுத்ததைப் பார்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெனிலா என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண். கபடி அணிக்கு விண்ணப்பித்து, நகலுக்குச் சமநிலைக் குறைவு என்று தள்ளப்பட்டவள். இல்லாத தலைசுற்றலுக்குத் தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பில் மட்டும் இன்னும் பல பிள்ளைகள். எல்லாருடைய குறிப்பிலும், செவிலியரிடம் அழைத்து வந்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர் இருந்தது. வகுப்பாசிரியர் வில்பிரட்.

அந்த வாரமே அவனும் வந்தான். ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தான். ஜெசிந்தா நேற்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சுட்டது, ஆபீஸில் எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னாள் என்று மேசைமேல் வைத்தான். செண்பகவல்லி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வாயில் போட முடியவில்லை. சுற்றி வளைத்துக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

“சார், உங்க வகுப்புல பிள்ளைங்கள முட்டி போட வைப்பீங்களா?”

“வைக்காம?” அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. “அடிக்கக் கூடாதுன்னு சட்டம். ஒரு பிள்ளை மேல இன்னைக்கு வரைக்கும் நான் கை வச்சது கிடையாது மேடம், யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. வீட்டுக்கணக்கு செய்யாம வந்தா கிரவுண்டுல முட்டி. அவ்வளவுதான். தோல் கீல் போச்சுன்னா நானே கூட்டிட்டுப் போய் மருந்து வச்சு விடுவேன். மத்த வாத்தியாருங்க அதுகூடச் செய்ய மாட்டாங்க.”

“தெரியும். நீங்க கூட்டிட்டுப் போனதுனாலதான் எழுத்துல இருக்கு.” அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். “இந்தப் பிள்ளையத் தெரியுதா?”

“பெனிலாவா? நல்ல பிள்ளையாச்சே. கணக்குதான் சுட்டுப் போட்டாலும் வராது.”

“கபடி டீம்ல சேக்க மாட்டேன்னுட்டாங்க. இவ நகல் கீழ விழுந்துக்கிட்டே இருக்காம். தலைசுத்துக்கு மாத்திரை சாப்பிடுதா.”

வில்பிரட் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் படித்தான். கணக்குத் தெரிந்தவன், கூட்டிப் பார்க்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

“இத நீங்க உறுதின்னு போட்டா என்ன ஆகும் மேடம்?”

“பிள்ளைங்க நகல் எல்லாம் சரியாயிரும். மாத்திரை நிக்கும். இந்த விவரம் குழந்தைகள் நலத்துறைக்குப் போகும். உங்க பள்ளிக்கூடம் மட்டும் இல்ல, இந்த மாவட்டத்துல எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்கு. விசாரணை வரும். உங்க வேலை நிலைக்காது சார். நான் பொய் சொல்ல விரும்பல.”

“நாமல்லாம் முட்டி போடாமலா மேடம் வளந்தோம்?”

“போட்டோம். அதுக்குன்னு நம்மள யாரும் நோயாளின்னு எழுதி வைக்கல.”

அவன் குரல் கீழே இறங்கிவிட்டது. “பழையபடி விழுந்ததாவே விட்டுருங்க மேடம். இனிமே வைக்க மாட்டேன். மாதா மேல சத்தியம். பிள்ளைங்கன்னா விழத்தானே செய்யும், யாரு கேக்கப் போறா?”

“விட்டா பெனிலாவும் விழுந்துக்கிட்டேதான் இருப்பா. அதோட விதியே தப்புன்னு ஆயி, உங்க வீட்டம்மா உரிமமும் போயிரும். ரெண்டுக்கும் ஒரே விதி சார். கை சுத்தமா இருந்தா விழலன்னு எழுதினதாலதான் ஜெசிந்தா இப்ப மேல நிக்கா. அவளுக்கு ஒண்ணு, இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வைக்க எனக்குத் தெரியாது.”

வில்பிரட் தூக்குச்சட்டியின் மூடியை எடுத்து மூடினான். தார் ரோட்டு வெயிலில் டைல்ஸ்காரர்களை ஸ்கூட்டரில் வைத்து ஓட்டி வந்தவன் அவன். அவனைப் பிடிக்காமல் போனால் எவ்வளவோ சுலபமாக இருக்கும் என்று செண்பகவல்லி நினைத்தாள். பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஜெசிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க மேடம். அவ எனக்காக எதையும் விட்டுக் குடுப்பா. உரிமம் வேண்டாம்னு அவளே சொல்லிருவா.”

“சொல்லுவா. தெரியும். அதனாலதான் கேக்க மாட்டேன். கேட்டா இந்தப் பாரம் அவ தலையில ஏறிரும். விதிய எழுதினது நான், அழுத்துததும் நான்தான்.”

அவன் கையை நீட்டித் தடுப்பதற்குள் அவள் அழுத்திவிட்டாள். திரையில் ‘உறுதிசெய்யப்பட்டது’ என்று வந்தது. பெனிலாவின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பு அடையாளம் மறைந்துபோனது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

வில்பிரட் எழுந்து ஜன்னல் பக்கம் போய், ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டான். கை தவறி ஸ்பீக்கர் அழுந்திவிட்டது, அதை அணைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. காற்று அறை முழுக்க இரைந்தது. தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். முட்டியைச் சொன்னான், மாத்திரையைச் சொன்னான், வேலை போகப்போவதைச் சொன்னான். உறுதி செய்ததைத் திரும்ப எடுக்கவும் வழி இருக்கும், நீ கேட்டால் மேடம் மனசு இறங்குவார், ஒரு வார்த்தை சொல்லு என்று கெஞ்சினான்.

“பெனிலான்னா, கிறிஸ்துமஸ்க்கு நம்ம வீட்டுக்கு வந்து கேக் தின்னுட்டுப் போச்சே, அந்தப் பிள்ளையா?” என்றாள் ஜெசிந்தா.

“ஆமா.”

தொடர்பு போய்விட்டதோ என்று வில்பிரட் போனை எடுத்துப் பார்த்தான்.

“உங்க வேலை நிலைக்கணும்னுதான நான் வருசா வருசம் முட்டியில நடந்தேன்.”

“அதத்தான் சொல்லுதேன் ஜெசி. அந்த வேலை போகப் போகுது. எக்காகிட்ட நீ ஒரு வார்த்த…”

“எக்கா பக்கத்துல இருக்காவளா?”

“இருக்கேன் ஜெசிந்தா,” என்றாள் செண்பகவல்லி. அவளுடைய குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

“எக்கா, வேளாங்கண்ணிக்குப் போற செப்டம்பர் லீவ கம்பெனியில முன்னாலயே எழுதிக் குடுத்து வைக்கணும். எப்பமும் போல இந்த வருசமும் எழுதிக் குடுத்திருந்தேன்.” ஒரு கம்பியில் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. “எனக்கு அந்த லீவு வேண்டாம்னு இன்னைக்குக் கீழ இறங்கினதும் சொல்லப் போறேன். அத இவியகிட்ட சொல்லிருங்க.”

அவன் அங்கேதான் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பது ஜெசிந்தாவுக்கும் தெரியும். மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.